ஒன்று என்பது என்ன?

பொது அறிவுப் போட்டி என்ற பெயரில் நம்முடைய பாடசாலைகளிலே ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஓர் எண்ணைச் சொன்னால் அவ்வெண்ணோடு தொடர்புடைய செய்தியொன்றை மாணவன் சொல்லவேண்டும். ஓர் ஆண்டைச் சொன்னால் அவ்வாண்டில் நிகழ்ந்தது யாதென்று சொல்லவேண்டும். 1505 என்றால் போர்த்துக்கேயர் வருகை. 1815 என்றால் கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சி. 1948 என்றால் சுதந்திரம். விரைந்து விடையிறுப்பவன் பரிசு பெறுகிறான். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என அம்பாறைக் கரையோரத்தின் எவ்வூரை எடுத்துக்கொண்டாலும் இவ்விளையாட்டில் தேர்ந்த பிள்ளைகளைக் காணலாம்.

இப்பழக்கத்தை நாம் இகழவில்லை. எண்ணும் ஆண்டும் மனத்தில் நில்லாத இடத்தில் வரலாறு புராணமாகிவிடும். ஆயினும், எண்ணைச் சொல்லக் கற்ற பிள்ளை, எண்ணியவன் யார், எண்ணப்பட்டவன் யார், எதற்காக அந்த எண்ணிக்கை நடைபெற்றது என்று வினவக் கற்கவில்லை. வினாவை இழந்த எண் செல்லாக் காசுக்கு ஒப்பானது. நம் கரையோர மக்களின் வாழ்வை எண்களும் ஆண்டுகளும் எவ்வாறு வகுத்து வந்துள்ளன என்பதைச் சிறிது ஆராய்ந்து பார்ப்பது, ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயனுடையதாகும்.

விரல்விட்டு எண்ணிய கல்வி

எண்களை வரிசையாகக் கூறி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளைப் பொருத்திக் காட்டும் முறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஏடும் எழுத்தாணியும் சிலருக்கே கிட்டிய காலத்தில், பலருக்குக் கைவிரல்களே ஏடாயின. பாளி மொழியிலமைந்த பௌத்த நூற்றொகுதியில் அங்குத்தர நிகாயம் என்னும் பெரும் பிரிவு முழுவதும் ஒன்று முதல் பதினொன்று வரையுள்ள எண்களை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்டது. சமணரின் ஸ்தானாங்க சூத்திரம் ஒன்று முதல் பத்து வரை அவ்வாறே செல்கிறது. தமிழிலே திருஞானசம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் ஒன்று முதல் ஏழு வரையுள்ள எண்கள் ஏறியும் இறங்கியும் வருமாறு திருவெழுகூற்றிருக்கை பாடினர்.

இவ்வகையில் நம் கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பது பௌத்தரின் குத்தகபாடம் என்னும் சிறு நூலிலுள்ள ஒரு பகுதி. சிறு பிராயத் துறவி ஒருவனிடம் ஒன்று என்பது என்ன, இரண்டு என்பது என்ன என்று பத்து வரை கேள்விகள் கேட்கப்படுகின்றன. ஒன்று எது என்ற கேள்விக்குப் பையன் கூறும் விடை வியப்புக்குரியது. எல்லா உயிர்களும் உணவினாலேயே நிலைபெறுகின்றன என்ற உண்மையே ஒன்று என்கிறான் அவன். வீட்டைத் துறந்தவர்களின் நூல்கூட, எண்ணத் தொடங்கும்போது சோற்றிலிருந்தே தொடங்கியது என்பதை நாம் மறத்தலாகாது. அப்பௌத்த நூல்கள் கி.மு. முதலாம் நூற்றாண்டில், போரும் பஞ்சமும் நாட்டை வாட்டிய வேளையில், மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில் ஏட்டில் எழுதப்பட்டன என்பது இலங்கை மரபு. உணவின்றி மனிதன் மடிந்தால் அவன் மனனம் செய்த நூலும் அவனுடன் மடியும் என்ற அச்சமே அவற்றை ஏட்டில் ஏற்றியது.

இஸ்லாமிய உலகிலும் இவ்வடிவம் பெருவழக்காயிருந்தது. மதீனாவின் யூத அறிஞராயிருந்த அப்துல்லாஹ் இப்னு சலாம் நபிகள் நாயகத்தை அணுகிப் பல கேள்விகளைக் கேட்டு, ஐயம் தெளிந்து இஸ்லாத்தை ஏற்ற வரலாறு அறபியிலே வினாவிடை நூலாக வழங்கியது. இரண்டாகாத ஒன்று எது, மூன்றாகாத இரண்டு எது என்று ஏறிச் செல்லும் எண்வினாக்கள் அதன் சுவைமிக்க பகுதியாகும். ஒன்றுக்கு இறைவன், ஐந்துக்குத் தொழுகை வேளைகள், ஏழுக்கு வானங்கள் என்ற பாங்கிலே விடைகள் அமையும். 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்பானிய நாட்டிலே இந்நூல் இலத்தீனுக்குச் சென்றது. கடல்வழியே மலாய்க்கும் ஜாவா மொழிக்கும் சென்றது. தமிழுக்கு அது வந்த ஆண்டு 1572. வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிரம் மசலாவே இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையது. அரசகுமாரி ஒருத்தி வினாத் தொடுக்க, மணக்க வந்தவன் விடை கூறும் நூறு மசலாவும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

இங்கு இரண்டு செய்திகளை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். பௌத்தர், சைவர், வைணவர், முஸ்லிம்கள் என்று இன்று தனித்தனியே எண்ணப்படும் மக்கள், பிள்ளைக்கு அறிவூட்டுவதற்கு ஒரே விளையாட்டைக் கையாண்டனர் என்பது ஒன்று. மசலாவிலே கேட்பவன் ஐயமுடையவனாயிருக்கிறான் என்பது மற்றையது. விடை அவனுக்கு உடன்பாடாகும்வரை அவன் கேட்டுக்கொண்டேயிருக்கிறான். நம்முடைய போட்டிகளிலோ கேட்பவனுக்கு விடை முன்னரே தெரியும். பிள்ளைக்கு ஐயப்படும் உரிமை இல்லை. பழைய வடிவத்தின் ஓட்டை வைத்துக்கொண்டு பருப்பை உதறிவிட்டோம்.

களத்துக் கணக்கும் தறிக் கணக்கும்

நூலில் எண்ணியோர் ஒருபுறமிருக்க, கையால் எண்ணியோர் மறுபுறம் இருந்தனர். கிழக்கே கடல், மேற்கே வயல், இடையிலே ஒடுங்கிய மணற்பரப்பு. அம்மணற்பரப்பிலே நெருங்கிய ஊர்கள்: இதுவே கல்முனைப் பிரதேசத்தின் அமைப்பு. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் ஒன்றையடுத்து ஒன்றாக வரிசையிட்டு நிற்கின்றன. யாழின் சுருதிகளைக் கணிதத்தால் ஆராய்ந்து 1947இல் யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த காரைதீவு, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே உள்ளது. இவ்வூர் மக்கள் அனைவருக்கும் மேற்கிலுள்ள நெல்வயலே உயிர்நிலை.

சூடடித்துத் தூற்றிய பின் களத்தில் நெல்லை அளக்கும் உழவன் ஒன்று என்று தொடங்குவதில்லை. இலாபம் என்று தொடங்கி, இரண்டு, மூன்று என்று தொடர்வது தமிழுழவரின் நெடுநாள் வழக்கம். மங்கலம் கருதி எழுந்த சொல் அது. ஆனால் அளந்து முடிந்த பொலி யாருடைய வீட்டுக்குச் சென்றது? போடியாரின் பங்கு, விதை நெற்கடன், வட்டி, கூலி யாவும் போன பின்னர், இலாபம் என்று வாயாரச் சொல்லி அளந்தவனுக்கு எஞ்சியது என்ன? நாட்டின் பல பகுதிகளில் விளைவில் பாதியை நிலவுடைமையாளனுக்குக் கொடுப்பதே வழக்கமாயிருந்தது. பிலிப் குணவர்த்தனாவின் முயற்சியால் நிறைவேறிய 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் அப்பாதியைக் காலாகக் குறைக்க முயன்றது. விளைவில் நான்கிலொரு பங்கு, அல்லது ஏக்கருக்கு 12 புசல், இவற்றுள் எது குறைவோ அதுவே குத்தகை என்று சட்டம் வகுத்தது. சட்டம் ஏட்டில் ஏறிய வேகத்தில் களத்தில் இறங்கவில்லை. பல இடங்களில் குத்தகைக்காரர் வெளியேற்றப்பட்டனர். எனினும் இரண்டிலொன்று நான்கிலொன்றாக மாறவேண்டும் என்ற கோரிக்கையில் எத்தனை குடும்பங்களின் அடுப்பெரியும் கேள்வி அடங்கியிருந்தது! கணித பாடத்திலே பின்னங்களைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வெடுத்துக்காட்டைக் கையாண்டாலென்ன?

மருதமுனைத் தறிகளுக்கும் ஒரு கணக்குண்டு. நாற்பதாம் நம்பர் நூல் என்று நெசவாளி சொல்லும்போது, 840 யார் நீளமுள்ள சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஓர் இறாத்தல் எடையாகும் என்பது பொருள். அஃதாவது ஓர் இறாத்தல் நூலில் 33,600 யார் நீளம் அடங்கியிருக்கிறது. நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது. இங்கிலாந்தின் பருத்தி ஆலைகள் நிலைநிறுத்திய இவ்வளவையை நம் கைத்தறி நெசவாளர் தமதாக்கிக்கொண்டனர். 1977இல் திறந்த பொருளாதாரம் புகுந்து வெளிநாட்டுத் துணிகள் தங்குதடையின்றி வந்திறங்கியபோது, நூலைவிட மெலிந்தது நெசவாளியின் வாழ்வே. வரலாற்றுப் பாடத்தில் 1977 ஓர் அரசாங்கம் மாறிய ஆண்டு. தறிக்குழியில் அது தறிகள் ஓய்ந்த காலத்தின் தொடக்கம்.

கடைக் கணக்கேட்டையும் நோக்குவோம். முஸ்லிம் வியாபாரி ஏட்டின் தலையில் 786 என்று எழுதுவான். அறபு எழுத்துக்களுக்கு எண்மதிப்புக் கொடுத்து, பிஸ்மியின் எழுத்துக்களைக் கூட்டினால் வரும் தொகை அது. தமிழ் வியாபாரி பிள்ளையார் சுழி இடுவான். தமிழில் இரண்டைக் குறிக்கும் இலக்கமும் அவ்வடிவையே ஒத்தது. தலைப்பு இரண்டாயினும் கீழே எழுதப்படுவது ஒன்றே: அறுவடைக்கு முன் அரிசியும் மண்ணெண்ணெயும் கடனுக்கு வாங்கிய ஏழை உழவனின் பெயரும், அவன் தரவேண்டிய தொகையும்.

ஆண்டுகள் எங்கிருந்து தொடங்குகின்றன?

எண்ணுக்கு அடுத்து ஆண்டை நோக்குவோம். ஹிஜ்ரி ஆண்டு கி.பி. 622இலிருந்து கணக்கிடப்படுகிறது. நபிகள் நாயகத்தின் பிறப்பிலிருந்தோ, ஒரு வெற்றியிலிருந்தோ அது தொடங்கவில்லை. மக்கத்தில் துன்புறுத்தப்பட்டோர் ஊரைவிட்டு மதீனாவுக்கு இடம்பெயர்ந்த நிகழ்ச்சியே அதன் முதலாண்டு. ஆட்சி விரிந்து, கடிதங்களுக்கும் கணக்குகளுக்கும் திகதி தேவைப்பட்டபோது, கலீபா உமரின் காலத்தில் இம்முடிவு எடுக்கப்பட்டது. அகதிகளின் பயணத்தைக் காலத்தின் தொடக்கமாகக் கொண்ட சமுதாயம், அகதி வாழ்வின் பொருளை எளிதில் மறத்தல் இயலாது.

சந்திரனைப் பின்பற்றும் ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள். சூரிய ஆண்டைவிட அது ஏறக்குறையப் பதினொரு நாள் குறைந்தது. எனவே நோன்பு ஒருகாலத்தில் மாரியிலும் பிறிதொரு காலத்தில் கோடையிலும் வரும். 33 ஹிஜ்ரி ஆண்டுகள் 32 சூரிய ஆண்டுகளுக்குச் சமமாகும். ஆனால் நெற்பயிர் மழையைப் பார்த்து விளைவது. பிறையைப் பார்த்து விளைவதன்று. ஆகவே கிழக்கிலங்கை முஸ்லிம் உழவன் தொழுகைக்கும் நோன்புக்கும் ஹிஜ்ரியையும், விதைப்புக்கும் அறுப்புக்கும் ஐப்பசி, தை என்னும் தமிழ் மாதங்களையும் கைக்கொண்டான். இவ்விரட்டைக் கணக்கு அவனுக்கு மட்டும் உரியதன்று. அப்பாசியக் கலீபாக்களும் முகலாயப் பேரரசரான அக்பரும் நிலவரி வசூலிப்பதற்காகச் சூரிய ஆண்டை நாட வேண்டியவராயினர். அக்பர் காலத்தோடு தொடர்புடைய பசலி ஆண்டு தமிழகத்தின் நிலவரிப் பதிவேடுகளில் இன்றும் வழங்குகிறது. வானத்துப் பிறை ஒன்றைச் சொன்னாலும், வயலின் விளைச்சலை எந்த அரசும் எந்தக் குடியானவனும் புறக்கணிக்க முடியவில்லை. பொருளாதார வாழ்வே ஆண்டுக் கணக்குகளை வளைத்துத் தனக்கேற்பத் திருத்திக்கொண்டது.

பாடநூல்கள் நமக்குத் தரும் ஆண்டுகளோ வேறு வகையின. 1505இல் வந்த போர்த்துக்கேயர் வாணிகப் போட்டி காரணமாக முஸ்லிம்களைப் பகைத்தனர். 1626இல் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து அவர்களை வெளியேற்றினர். அவ்வாறு விரட்டப்பட்டோருள் சுமார் நாலாயிரம் பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பது வரலாற்றாசிரியர் பலரும் எடுத்துக்காட்டும் செய்தி. அதற்கு முன்னரே இக்கரையில் முஸ்லிம் குடிகள் வாழ்ந்தனர் என்பதும் உண்மை. இந்த நாலாயிரம் என்ற எண் நமக்கு எவ்வழியாக வந்தது? விரட்டியவர் பக்கத்து எழுத்துக்களின் வழியாகவே வந்தது. வந்தவர்கள் கொண்டுவந்த மூட்டை எத்தனை, வழியில் இறந்தவர் எத்தனை, அவர்களுக்கு முதற்சோறு இட்ட வீடு எது என்பவற்றை எண்ணியவர் எவருமில்லை. துரத்துகின்றவன் தலைகளை எண்ணுகிறான். அடைக்கலம் கொடுத்தவன் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

தலை எண்ணிய ஆட்சி

இலங்கையின் முதலாவது நவீன குடிசன மதிப்பீடு 1871 மார்ச் 27ஆம் திகதி நடைபெற்றது. நாட்டின் மக்கள் தொகை அன்று 24 இலட்சம். 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது 2 கோடியே 17 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி, எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பாடசாலை என்று திட்டமிடக் குடிசன மதிப்பீடு இன்றியமையாதது. அதனை எவரும் மறுக்கவில்லை. ஆனால் குடியேற்ற ஆட்சி மக்களை எண்ணியதோடு அமையவில்லை, வகுத்தும் எண்ணியது. 1901ஆம் ஆண்டு மதிப்பீட்டைப் பொன்னம்பலம் அருணாசலம் நெறிப்படுத்தினார். 1911ஆம் ஆண்டு மதிப்பீட்டிலே தமிழர் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்றும், சோனகர் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்றும் தனித்தனி நிரல்களில் நிறுத்தப்பட்டனர்.

நிரலுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? சட்டசபை ஆசனம் நிரலைப் பொறுத்திருந்தமையே காரணம். பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று ஆய்வுரை எழுதியபோதும், 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்து நூலெழுதியபோதும், இனவியல் ஆராய்ச்சியின் பின்னே ஆசனக் கணக்கு நின்றது. 1889இல் முஸ்லிம்களுக்கெனத் தனி நியமன உறுப்பினர் வழங்கப்பட்டார். கொழும்புச் செல்வர்கள் இருதரப்பிலும் நின்று வாதாடியபோது, கல்முனை வயலில் நின்ற உழவனிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. அவன் தமிழ் பேசினான், பள்ளிவாசலில் தொழுதான், இரண்டுக்கும் இடையே முரண்பாடு காணவில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்த பின்னரே, ஆணும் பெண்ணுமாக அவ்வுழைப்பாளிகள் ஒவ்வொருவரும் ஒன்றாக எண்ணப்பட்டனர். ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற அந்த ஒன்று, நம் வரலாற்றில் மிகப் பெரிய எண்களுள் ஒன்றாகும்.

நீரும் விகிதமும்

1942இல் பர்மாவை ஜப்பானியர் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. உணவு உற்பத்தியைப் பெருக்கும் நோக்கோடு ஏ.எம்.ஏ. அஸீஸ் அவ்வாண்டு கல்முனையில் அவசரகால உதவி அரசாங்க அதிபராகப் பணியேற்றார். காடு வெட்டிக் கழனியாக்கும் வேலையைத் தூண்டிய அவர், இப்பகுதி முஸ்லிம்களின் கல்விக்கும் வித்திட்டார்; விபுலாநந்தருடன் நட்புப் பூண்டார். ஒன்று என்பது உணவு என்ற பழைய விடையை ஏகாதிபத்திய அரசும் போர்க்காலத்திலே நினைவுகூர நேர்ந்தது.

சுதந்திரத்தின் பின் 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. பட்டிப்பளை ஆறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. பிற மாவட்டங்களிலிருந்து நிலமற்ற சிங்களக் குடியானவர்கள் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டனர். 1956இல் இப்பள்ளத்தாக்கில் தமிழர்மீது கொடிய வன்செயல் நிகழ்ந்தது. 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதி பிரிக்கப்பட்டு, உள்நாட்டு நகராகிய அம்பாறையைத் தலைநகராகக் கொண்ட புதிய மாவட்டம் தோன்றியது. 1963ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 46 பேர் முஸ்லிம்கள், 29 பேர் சிங்களவர், 23 பேர் தமிழர். 2012இல் இவை முறையே 43, 39, 17 ஆயின. இவ்விகிதங்களை ஒவ்வொரு சமூகத்தின் அரசியல்வாதியும் மனப்பாடமாக வைத்திருக்கிறான். 1987இல் நான்கு உள்ளூராட்சிச் சபைகள் ஒன்றாக்கப்பட்ட கல்முனையிலே, எத்தனை சபை, எவருக்கு எந்த எல்லை என்ற பூசல் இன்றும் ஓயவில்லை.

ஆனால் அவ்வரசியல்வாதிகள் சொல்லாத ஒரு கணக்கும் உண்டு. வாய்க்காலின் தலைப்பில் இருப்பவனுக்கு நீர் முதலில் கிட்டும். கடைப்பகுதியில் இருப்பவனுக்கு அது எட்டுவதில்லை. கல்லோயாவின் இடதுகரையில் தலைப்பிலிருந்தோர் பெரும்பாலும் சிங்களவர். கடைப்பகுதியினர் பெரும்பாலும் தமிழர். 1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் அங்கு விவசாயிகள் அமைப்புக்களை உருவாக்கத் தொடங்கியபோது, நீர்த்தேக்கம் கால்பங்கே நிரம்பியிருந்தது. பஞ்ச காலத்தில் சண்டை மூளும் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர். நடந்ததோ வேறு. தலைப்பிலிருந்த உழவர்கள் தம் வாய்க்கால்களைத் தாமே துப்புரவு செய்து, முறைவைத்து நீர்பாய்ச்சி, மிச்சப்பட்ட நீரைக் கடைப்பகுதிக்கு விட்டனர். சிங்கள உழவர் சேமித்த நீர் தமிழ் உழவரின் வயலில் பாய்ந்தது. நோர்மன் அப்ஹோவ் 1992இல் வெளியிட்ட நூலில் இவ்வனுபவம் விரிவாகப் பதிவாகியுள்ளது. விகிதத்தை எண்ணியவர்கள் பிரிந்தனர். நீர் பாயும் நாட்களை எண்ணியவர்கள் சேர்ந்தனர். 1956 நம் பிள்ளைகளுக்கு நினைவிருக்க வேண்டும். அதனோடு 1981இல் அவ்வாய்க்காலில் நடந்ததும் நினைவிருக்க வேண்டும்.

இரு பட்டியல்கள்

1990 ஆகஸ்ட் மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் படுகொலை செய்யப்பட்டனர். அதே மாதம் சம்மாந்துறைக்கு அருகிலுள்ள வீரமுனையில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் படுகொலை செய்யப்பட்டனர். இவ்விரு துயரங்களையும் ஒரே ஏட்டில் எழுதிய பாடநூலை நாம் கண்டதில்லை. முஸ்லிம் வீட்டுப் பிள்ளை ஒரு பட்டியலை அறியும். தமிழ் வீட்டுப் பிள்ளை மற்றொரு பட்டியலை அறியும். தன் வீட்டுப் பிணத்தை மட்டும் எண்ணுகின்றவன் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டவனாவான். பாதிக் கணக்கிலேதான் பகைமை முட்டையிடுகிறது.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் எவருடைய நிரலையும் பார்க்கவில்லை. இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட அப்பேரழிவில், பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று முஸ்லிம் கரையும் தமிழ்க் கரையும் ஒருசேர அழிந்தன. நாட்டிலேயே மிகப் பெரிய இழப்பு இம்மாவட்டத்தினதே. அலை வடிந்த பின்னர் வந்தது எண்களின் இரண்டாம் அலை. கடற்கரையிலிருந்து மேற்கிலும் தெற்கிலும் 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என்று 2005இல் அரசு அறிவித்தது. வரைபடத்தின் மேல் இவ்விரண்டும் கோடுகளே. ஆனால் கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் ஊரில், அக்கோட்டுக்குள் அகப்பட்டவன் எங்கே போவான்? கிழக்கே கடல், மேற்கே வீடு கட்ட அனுமதியில்லாத நெற்காணி. அவ்வெல்லைகள் பின்னர் தளர்த்தப்பட்டன. எனினும் இடைக்காலத்தில் கூடாரங்களிலும் தகரக் கொட்டில்களிலும் வாடியவர்களின் நாட்களை எவர் கணக்கில் எழுதினார்?

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் 500 வீடுகள் கட்டப்பட்டன. எந்த இனத்துக்கு எத்தனை வீடு என்ற விகிதப் பிணக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. பல்லாண்டுகளாக அவ்வீடுகள் ஆளின்றிக் கிடந்தன, காடு மண்டியது. வீடற்றோர் ஒருபுறம், ஆளற்ற வீடுகள் மறுபுறம். உழைக்கும் மக்களின் தேவையிலிருந்து தொடங்காமல் விகிதத்திலிருந்து தொடங்கும் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேறு வேண்டியதில்லை.

நம் வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

ஆகவே எண்ணையும் ஆண்டையும் கற்பிக்கும் நாம் செய்யத்தக்கது யாது? போட்டிகளை நிறுத்திவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஒன்று முதல் நூறு வரை எண்ணும் விளையாட்டைப் பிள்ளைகள் ஆடட்டும். ஆனால் ஒவ்வோர் எண்ணோடும் சில கேள்விகள் சேரட்டும். இதனை எண்ணியவர் யார்? எண்ணப்பட்டவர் யார்? எவருடைய நன்மைக்காக எண்ணப்பட்டது? எண்ணாமல் விடப்பட்டது எது? 1626 என்று மாணவன் சொன்னால், விரட்டியவன் யார், இடம் கொடுத்தவன் யார் என்று கேட்போம். 1949 என்று சொன்னால், அணை யாருடைய நிலத்தில், நீர் யாருடைய வயலுக்கு என்று கேட்போம். 200 என்று சொன்னால், ஏன் அங்கே 100 என்று கேட்போம்.

அதற்கான மூலங்கள் நம் ஊரிலேயே கிடக்கின்றன. களத்தில் அளந்த முதியவரும், தறிக்குழியில் அமர்ந்த பெண்ணும், கடனேட்டைப் பாதுகாத்த கடைக்காரரும், கூடாரத்தில் நாட்களைக் கழித்த தாயும் வரலாற்று ஆசிரியர்களே. முஸ்லிம் பாடசாலை மாணவன் தமிழ் ஊருக்கும், தமிழ்ப் பாடசாலை மாணவன் முஸ்லிம் ஊருக்கும் சென்று அவர்கள் வாய்மொழியைக் குறித்துவரட்டும். இரு பட்டியல்களும் ஒரு குறிப்பேட்டில் எழுதப்படும் நாளிலே கணக்கு முழுமையை நோக்கி முதலடி வைக்கும்.

ஒன்று என்பது என்ன என்று அன்று சிறுவனிடம் கேட்டார்கள். உணவால் எல்லா உயிரும் வாழ்கின்றன என்றான் அவன். அவ்விடையை ஏற்போமாயின், அவ்வுணவை விளைவிப்பவன் யார், அளப்பவன் யார், உண்பவன் யார் என்பனவே இரண்டாம் மூன்றாம் நான்காம் கேள்விகளாக எழுகின்றன. அவற்றுக்கு நேர்மையான விடை காண முயலும் வகுப்பறையில்தான் வரலாறு உயிர்பெறும்.